வடக்கு டகோட்டாவில் மூன்று சூரியன்களா?

'அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் மூன்று சூரியன்கள் உதித்தன. நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் இப்படி நடக்கும்' என்று ஒரு படத்துடன் வாட்ஸ்அப்பில் செய்தி சுற்றுகிறது. அப்படிப்பட்ட காட்சி உண்மைதான். சொல்லப்படும் கதைதான் தவறு.

ஜனவரிக் கடுங்குளிரில் அந்தப் புல்வெளிச் சமவெளியில், தரையை ஒட்டிய காற்றிலேயே அறுகோணத் தகடுகளாகப் பனிப்படிகங்கள் மிதக்கும். அவற்றில் ஒளி விலகுவதால், தாழ்ந்திருக்கும் சூரியனுக்கு இருபுறமும் சுமார் 22 பாகை தள்ளி ஒளிப்பொட்டுகள் தெரியும். கையை நீட்டி விரல்களை அகல விரித்தால், கட்டைவிரல் நுனிக்கும் சுண்டுவிரல் நுனிக்கும் இடையே ஏறத்தாழ அவ்வளவு தொலைவு. சூரியனை நோக்கிய ஓரம் சிவந்திருக்கும், படத்திலேயே பாருங்கள். 'சன் டாக்' என்று பெயர். அங்குள்ளவர்களுக்கு இது பழகிய குளிர்காலக் காட்சி.

அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவையின் இணையதளத்தில் விளக்கம் இருக்கிறது. படத்தை ரசியுங்கள், அந்தச் செய்தியை மட்டும் மேலும் அனுப்பாதீர்கள்.