வியாழக்கிழமை 80-ஆவது நிமிடத்துக்குப் பிறகு எழுந்து போகாதீர்கள்

2025 ஜனவரி 30, வியாழக்கிழமை, இரவு 7.30 மணி, சென்னை நேரு விளையாட்டரங்கம், இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து, எதிரணி கேரளா பிளாஸ்டர்ஸ். ஒரு வாரமாக இதையே மனத்துக்குள் உருப்போட்டுக்கொண்டிருக்கிறேன். அன்று மாலை ஐந்து மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவேன் என்று அலுவலகத்தில் போன வாரமே சொல்லியாகிவிட்டது. நீலச் சட்டை துவைத்துக் காய்ந்து கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. போகும்போதும் வரும்போதும் கண் அதன் மேல்தான் போகிறது.

யார் வெல்வார்கள் என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. நம் அணி சென்னையின் எஃப்.சி. வெல்ல வேண்டும் என்பது மட்டும் தெரியும். நான் எழுத உட்கார்ந்தது வேறொன்றைச் சொல்ல. வியாழக்கிழமை மைதானத்துக்கு வருகிறவர்கள் தயவுசெய்து 80-ஆவது நிமிடத்துக்குப் பிறகு எழுந்து போகாதீர்கள். நடுவர் கடைசி விசில் ஊதும்வரை இருங்கள். குரலை விடாமல் இருங்கள்.

இந்த மாதம் 9-ஆம் தேதி ஒடிசாவுடன் நடந்த ஆட்டத்துக்கு வந்தவர்களுக்கு நான் சொல்ல வருவது புரியும். இரண்டாம் பாதியில் நம் வில்மர் ஜோர்டான் கில் இரண்டு கோல் போட்டார். 2-0. முன்பின் தெரியாதவர்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டோம். பல வாரங்களாக அந்த மாதிரி ஒரு சத்தத்தை நான் நேரு அரங்கத்தில் கேட்டதில்லை. வெற்றி கைக்கு வந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தோம், நானும் நினைத்தேன். எழுபது நிமிடம் தாண்டியதும் குரல் இறங்கத் தொடங்கியது. செல்பேசியை எடுத்தவர்கள் எடுத்தார்கள், பையை மாட்டியவர்கள் மாட்டினார்கள்.

எனக்கு இரண்டு வரிசை கீழே ஓர் அப்பாவும் மகனும் உட்கார்ந்திருந்தார்கள். பையனுக்குப் பத்து வயது இருக்கலாம். போட்டிருந்த நீலச் சட்டை முழங்கால்வரை தொங்கியது. ஒடிசாவின் முதல் கோல் விழுந்த சற்று நேரத்தில் அப்பா எழுந்து பையனின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினார். மறுநாள் பள்ளிக்கூடம் இருக்கும், வீடு தூரமாக இருக்கும், அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பையன் மட்டும் ஒவ்வொரு படியிலும் நின்று நின்று திரும்பிப் பார்த்தான். கடைசிப் படியில் அப்பா இழுக்க, இவன் தலையைத் திருப்பியபடியே வாசலுக்குள் மறைந்தான். அவர்களுக்குப் பின்னால் ஒரு வரிசையே எழுந்தது. மைதானத்தில் பதினொரு பேர் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர்களைச் சுற்றி நாற்காலிகள் மடங்கும் ஓசைதான் கேட்டது. கூடுதல் நேரத்தில் ஒடிசா இரண்டாவது கோலும் போட்டுவிட்டது. 2-2.

ஆறு நாள் கழித்து, மாட்டுப் பொங்கலன்று, கொல்கத்தாவில் முகமதன் ஸ்போர்ட்டிங்குடன் ஆட்டம். வீடு நிறைய விருந்தாளிகள். தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்தேன். மறுபடியும் 2-0 முன்னிலை. தொண்ணூறு நிமிடம் முடிந்தபோதும் அதே 2-0. மறுபடியும் 2-2. இந்த முறை இரண்டு கோலும் கூடுதல் நேரத்திலேயே விழுந்தன. அத்தை தட்டில் வைத்துக் கொடுத்த வடை ஆறிப்போய் அப்படியே இருந்தது. வென்றிருந்தால் இரண்டு ஆட்டத்துக்கும் ஆறு புள்ளி. கிடைத்தது இரண்டு. பதின்மூன்று அணிகள் ஆடும் லீக்கில் முதல் ஆறு இடத்துக்குள் வந்தால்தான் அடுத்த சுற்று. அந்த நான்கு புள்ளிகள் இன்று நம் கையில் இருந்திருந்தால் பட்டியலைப் பார்க்கும்போது இப்படி வயிறு கலங்காது.

இதற்குப் பயிற்சியாளர் ஓவன் காயில்தான் பொறுப்பு என்று நண்பர்கள் பலர் எழுதுகிறார்கள். மாற்று ஆட்டக்காரர்களை இறக்கும் நேரம் தவறு, முன்னிலை வந்தபின் அணி தன் கோல் பக்கமே பின்வாங்கிவிடுகிறது என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. 2-0 என்று ஆனதும் பந்தைக் காலில் வைத்துக்கொள்ள நம்மவர்களுக்குத் தெரியவில்லை. கிடைத்த பந்தையெல்லாம் தூக்கி அடித்து, அடுத்த நொடியே எதிரணியின் தாக்குதலாகத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். காயில் இதைச் சரிசெய்தே ஆக வேண்டும். ஆனால் 2019-20 பருவத்தில் கீழே கிடந்த அணியை நடுவில் வந்து கையில் எடுத்து இறுதி ஆட்டம்வரை கொண்டுபோனவரும் இதே காயில்தான். அதை நான் மறக்க மாட்டேன். அவர் வேலையை அவர் பார்க்கட்டும். நம் வேலை ஒன்று இருக்கிறது. அதை நாம் செய்தோமா என்பதுதான் என் கேள்வி.

கூட்டத்தின் சத்தம் ஆட்டத்தை மாற்றுமா என்று கேட்பவர்களுக்கு 2014 டிசம்பர் 16-ஐ நினைவுபடுத்துகிறேன். முதல் பருவத்தின் அரையிறுதி, இரண்டாம் ஆட்டம், இதே மைதானம், இதே கேரளா. கொச்சியில் 0-3 என்று தோற்றுவிட்டு வந்திருந்தோம். யாருக்கும் நம்பிக்கை இல்லை. அன்று அரங்கம் போட்ட சத்தத்தில் ஒவ்வொரு கோலாக வந்தது. 90-ஆவது நிமிடத்தில் ஜேஜே அடித்த கோல் மூன்றாவது. இரண்டு ஆட்டமும் சேர்ந்த கணக்கு 3-3 என்று சமமானது. கூடுதல் ஆட்டம் தொடங்கியபோது நாங்கள் களைத்திருந்தோம். தொண்டை கட்டி, கால் கடுத்து, பெரும்பாலானோர் உட்கார்ந்துவிட்டோம். பெனால்டிக்குப் போய்விடும் என்ற எண்ணம் வந்துவிட்டது. 117-ஆவது நிமிடத்தில் கேரளாவின் ஸ்டீபன் பியர்சன் அடித்தார். கேரளா இறுதிக்குப் போனது. அந்தக் கடைசிப் பத்து நிமிடம் நாங்கள் உட்காராமல் இருந்திருந்தால் என்று பத்து ஆண்டாக யோசிக்கிறேன். ஒன்றும் மாறியிருக்காது என்று புத்தி சொல்கிறது. மனம் கேட்பதில்லை.

அடுத்த ஆண்டே கடைசி நிமிடங்கள் நம் பக்கம் வந்தன. 2015 டிசம்பர் தொடக்கத்தில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. நம் அரையிறுதியைச் சொந்த ஊரில் நடத்த முடியாமல் புனேவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கொல்கத்தாவை 3-0 என்று வென்று, டிசம்பர் 20 அன்று கோவாவின் சொந்த மண்ணில் இறுதி ஆட்டம். எங்கள் வீட்டில் தண்ணீர் வடிந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக் கோடு. நனையாமல் இருக்கட்டும் என்று பீரோவின் மேல் ஏற்றி வைத்த தொலைக்காட்சியை இறக்கவே இல்லை. அண்ணாந்து பார்த்தபடி, கழுத்து வலிக்க அந்த ஆட்டத்தைப் பார்த்தோம். 87-ஆவது நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னே போனது. பக்கத்து வீட்டு அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அப்பா அவர் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தார். 90-ஆவது நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் கட்டிமணியின் கையில் பட்டுப் பந்து அவர் வலைக்குள்ளேயே விழுந்தது. அடுத்த இரண்டு நிமிடத்துக்குள் மெண்டோசா அடித்தார். 3-2. கோப்பை நமக்கு. சேற்று வாடை போகாத அந்தக் கூடத்தில் அப்பா அழுததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அப்பா எந்த ஆட்டத்திலும் விசிலுக்கு முன் எழுந்தவர் இல்லை. 1993-இல் நேரு கோப்பை இந்த அரங்கத்தில் நடந்தபோது என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவர் அவர். அன்று கோப்பையை வட கொரியா வென்றது. சென்னையில் வட கொரியாவுக்கு என்ன உறவு? ஆனாலும் விசில் ஊதி, ஆட்டக்காரர்கள் கை குலுக்கி, உள்ளே போகும்வரை நின்று கை தட்டிவிட்டுத்தான் வீட்டுக்குக் கூட்டிப்போனார். ஆடினவர்களுக்கு அது நாம் கொடுக்க வேண்டிய மரியாதை என்பார்.

இப்போது கேரளாவுக்கு வருகிறேன். நவம்பரில் கொச்சியில் நம்மை 3-0 என்று அடித்து அனுப்பினார்கள். அந்தக் கடன் பாக்கி இருக்கிறது. அவர்களுக்கும் இது நிம்மதியான பருவமாக இல்லை. டிசம்பரில் பயிற்சியாளர் மிக்கேல் ஸ்டாரேயை நீக்கினார்கள். இப்போது அணியைப் பார்த்துக்கொள்பவர் டி.ஜி.புருஷோத்தமன். அவர் வந்தபின் அணி தலைதூக்கியிருக்கிறது. நோவா சதாவியும் ஹெசூஸ் ஹிமெனெஸும் லூனாவும் எந்த நேரத்திலும் ஆபத்தானவர்கள். பதினெட்டு வயதுப் பையன் கோரு சிங் பயமில்லாமல் ஓடுகிறான். எதிரணியில் ஆடினாலும் அவன் ஓட்டத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

மஞ்சள் சட்டைக்காரர்கள் வியாழக்கிழமை நிறைய வருவார்கள். ஒவ்வோர் ஆண்டும் வருகிறார்கள். சென்னையில் வேலை பார்க்கிற, படிக்கிற மலையாளிகள் ஒரு பக்கம், இரவு ரயிலேறி வருகிறவர்கள் இன்னொரு பக்கம். நம் ஊரில், நம் மைதானத்தில் அவர்கள் சத்தம் ஓங்கி ஒலிப்பதைப் பார்த்து நம்மில் சிலருக்குக் கோபம் வருகிறது. எனக்குப் பொறாமைதான் வருகிறது. வேலை நாளில் விடுப்புப் போட்டு, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பயணம் செய்து வந்து, தோற்றாலும் கடைசிவரை நின்று பாடிவிட்டுப் போகிறவர்களை எப்படி வெறுப்பது? 2020 பிப்ரவரி முதல் தேதி கொச்சியில் நாம் அவர்களை 6-3 என்று வென்றோம். அன்றும் அவர்கள் பாட்டு முற்றாக நிற்கவில்லை. அவர்களைப் பழித்துப் பதிவு போடும் நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரை மைதானத்துக்கு அழைத்து வரலாம். வியாசர்பாடியில் தெருவுக்குத் தெரு பந்து உதைக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்; 2018 இறுதி ஆட்டத்தில் நமக்காக நடுக்களத்தில் நின்ற தன்பால் கணேஷ் அந்த மண்ணிலிருந்து வந்தவர். அங்கிருந்து நேரு அரங்கம் எட்டிவிடும் தூரம். அந்தப் பிள்ளைகள் நீலச் சட்டையில் ஒரு வரிசை நிறைய உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பி ஸ்டாண்ட் புளூஸ், சூப்பர்மச்சான்ஸ் ஆகிய இரண்டு ரசிகர் குழுக்களும் தொண்ணூறு நிமிடமும் நிற்கிறார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் நான் நன்றி கெட்டவன். ஒடிசா ஆட்டத்தன்று முரசு அடித்த தம்பி ஒருவரின் விரல்களில் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. இரண்டாவது கோல் விழுந்த பிறகும் அவர் அடித்துக்கொண்டே இருந்தார். பிளாஸ்திரி பிய்ந்து ஒரு முனை காற்றில் ஆடியது. அந்தச் சிலரின் தோளில் மொத்த அரங்கத்தின் பாரத்தையும் ஏற்றிவிட்டு மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பது நியாயமில்லை.

ஆட்டத்தைப் பற்றி என் எதிர்பார்ப்பையும் சொல்லிவிடுகிறேன். 21-ஆம் தேதி பட்டியலின் உச்சியில் இருக்கும் மோகன் பகானை இங்கே 0-0 என்று நிறுத்தினோம். கோல் இல்லை என்று பலர் சலித்துக்கொண்டார்கள். எனக்கு அன்று இரவு நிம்மதியாகத் தூக்கம் வந்தது. முந்தைய இரண்டு ஆட்டத்திலும் கடைசியில் இடிந்து விழுந்த அதே தடுப்பு, அன்று முடிவுவரை நின்றது. ப்ரீதம் கோட்டால் வந்தது நல்ல காலம். இந்த மாதம்தான் கேரளாவிலிருந்து நம்மிடம் வந்தார். பதிலுக்கு பிகாஷ் யும்னம் அங்கே போனார். இளம் ஆட்டக்காரரைக் கொடுத்துவிட்டோமே என்று எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் மோகன் பகானுக்குத் தலைவராக இருந்து கோப்பையைத் தூக்கிய ஒருவர், முன்னிலையைக் காக்கத் தெரியாமல் தவிக்கும் அணிக்குத் தேவைப்படுகிறார். நேற்றுவரை கூட ஆடியவர்களின் பழக்கவழக்கமும் அவருக்குத் தெரியும். முன்னால் கானர் ஷீல்ட்ஸ் பந்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். வில்மரும் இர்ஃபான் யட்வாடும் அதை உள்ளே தள்ள வேண்டும். முதல் இருபது நிமிடத்தில் ஒரு கோல் வந்தால், எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஆட்டம் நம்முடையது. வராவிட்டாலும் பொறுமையாக இருங்கள். நம் ஆட்டக்காரர் ஒருவர் தவறாகப் பந்து கொடுத்தவுடன் நம் பக்கத்திலிருந்தே வசை கிளம்புவதை என்னால் தாங்க முடியவில்லை.

வேலை நாள் இரவில் ஏழரைக்கு ஆட்டம் வைத்தால் குடும்பத்தோடு வருகிறவர்களுக்குச் சிரமம்தான். அட்டவணை போடுகிறவர்கள் அதை யோசிக்க வேண்டும். ஆனாலும் கணக்குப் பார்த்துவிட்டேன். ஒன்பதரைக்கு ஆட்டம் முடியும். சென்ட்ரலுக்கு நடந்து போகும் தூரம்தான். ஆவடி பக்கம் போகிறவர்களுக்கும் தாம்பரம் பக்கம் போகிறவர்களுக்கும் அதற்குப் பிறகும் மின்சார ரயில் இருக்கிறது, மெட்ரோவும் இருக்கிறது. பத்து நிமிடம் முன்னால் கிளம்பி மிச்சமாவது நடைமேடையில் நிற்கும் பத்து நிமிடம்தான்.

நான் ஆறரை மணிக்குப் பெரியமேடு பக்கம் நிற்பேன். என்னிடம் ஒரு டிக்கெட் கூடுதலாக இருக்கிறது. அப்பாவுக்காக எடுத்தது. முழங்கால் வீங்கியிருக்கிறது, அவ்வளவு படி ஏற முடியாது என்று நேற்று இரவு சொல்லிவிட்டார். மைதானத்துக்கு இதுவரை வராத யாராவது, முடிந்தால் ஒரு சிறு பிள்ளையாக இருந்தால் நல்லது, அந்த இடத்தில் உட்காரட்டும் என்றும் சொன்னார். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒரு பிள்ளை இருந்தால் புதன்கிழமை இரவுக்குள் எனக்குச் செய்தி அனுப்புங்கள். பெரியவர்கள் யாராவது கூட வர வேண்டும். விசில் ஊதும்வரை இருக்க வேண்டும்.