மேலதிகாரியிடம் முறையிட்டால் போதுமா?

அமெரிக்க அரசின் கண்காணிப்பை அம்பலப்படுத்திய அந்நாட்டு உளவு அமைப்பின் ஒப்பந்தப் பணியாளர் ஸ்னோடன், அதற்குப் பதிலாக மேலதிகாரிகளிடம் முறையிட்டிருக்க வேண்டும் என்னும் கட்டுரையாளரின் வாதத்தை ஏற்க இயலவில்லை. கண்காணிப்பை நடத்தியவர்களே அவர்கள்தாம். 2013 ஜூனில் அவர் செய்தியாளர்களிடம் அளித்த ஆவணங்களால்தான் கோடிக்கணக்கானோரின் தொலைபேசி அழைப்பு விவரங்கள் மொத்தமாகத் திரட்டப்பட்டது வெளிச்சத்துக்கு வந்தது. 2015-இல் அதை நிறுத்தச் சட்டம் இயற்றப்பட்டது. 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று அத்திட்டமே சட்டவிரோதம் என்றது. நாகர்கோவிலில் 30 ஆண்டுகள் அஞ்சல் ஊழியராக இருந்த எனக்கு, பிறர் கடிதத்தைப் பிரிப்பது குற்றம் என்பதே முதல் பாடம் (அஞ்சலட்டையைப் படிக்காமலிருப்பதுதான் கடினம்). ஆயினும், வெளிநாட்டு உளவுப் பணிகள் தொடர்பான ஆவணங்களையும் அவர் சேர்த்துக் கொடுத்ததை நான் நியாயப்படுத்த மாட்டேன். நம் நாட்டின் 1923-ஆம் ஆண்டு அலுவல்சார் இரகசியச் சட்டமோ மக்களைக் கண்காணித்ததை வெளியிடுவதற்கும் வெளிநாட்டு உளவுப் பணியை வெளியிடுவதற்கும் உள்ள இந்த வேறுபாட்டையே பார்ப்பதில்லை. பொதுநலனுக்காக வெளியிட்டேன் என்னும் வாதத்துக்கு அதில் இடமில்லை.