மூன்று துண்டு வில்லில் விசை குறையுமா?

பிடிக்கும் நடுக்கட்டை, அதன் மேலும் கீழும் மாட்டும் இரண்டு கைகள் (வில்லின் வளையும் பகுதிகள்) என மூன்று துண்டுகளாகக் கழற்றி மாட்டும் மர வில்லில் இணைப்புகளிலேயே விசை வீணாகி, அம்பு மெதுவாகப் போகும் என்று ஒரு கருத்து பகிரப்படுகிறது. அது சரியல்ல, நண்பர்களே.

இந்த வகை வில்லில் நடுக்கட்டை வளைவதே இல்லை. வளைந்து விசையைச் சேமிப்பவை மேலும் கீழும் உள்ள கைகள்தான். இணைப்பு வளையாத இடத்தில் இருப்பதால், இறுக்கமாகப் பொருந்தியிருந்தால் இழப்பு என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஒலிம்பிக்கில் எய்யும் ரிகர்வ் (நுனிகள் முன்பக்கமாக வளைந்த) விற்களும் கழற்றி மாட்டுபவையே. (பிடியோடு சேர்ந்து வளையும் ஒற்றைக் கட்டை வில் வேறு வகை, அதை இதோடு குழப்ப வேண்டாம்.) அம்பின் வேகத்தை உண்மையில் குறைப்பது கைகளின் நுனியில் இருக்கும் கூடுதல் எடை. செதுக்கும்போது கவனம் அங்கேதான் இருக்க வேண்டும்.

நீங்களே பார்க்கலாம். நாணேற்றிய வில்லை, அதன் நடுவைப் பிடித்து நிறுத்தும் சட்டத்தில் மாட்டுங்கள். கையும் நடுக்கட்டையும் சேரும் இடத்தில், பக்கவாட்டில் இரண்டின் மீதும் ஓடும்படி மெல்லிய பென்சில் கோடு ஒன்று போடுங்கள். சற்றுத் தள்ளி நின்று, கப்பிக் கயிற்றால் நாணை மெதுவாக உங்கள் இழுப்பு நீளம் வரை (நீங்கள் எய்யும்போது நாணை இழுக்கும் அளவு) இழுங்கள். கோடு உடையாமல், இடைவெளி விழாமல் இருந்தால் இணைப்பு சரி. கோடு விலகினால் கையை நடுக்கட்டையோடு பிணைக்கும் போல்ட்டையும் அது உட்காரும் பரப்பையும் சரிசெய்யுங்கள். அது பொருத்தியதில் உள்ள குறை.