அடிபட்ட பருந்தைக் கோழிக்கூட்டில் விடாதீர்கள்

தை மாதம் வந்தால் வல்வெட்டித்துறையில் பட்டம் ஏறும், யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கவே ஏறும். அது எங்கள் பெருமை, நிற்பாட்டச் சொல்லி நான் எழுதவில்லை. ஆனால் அறுந்துபோன பட்டங்களின் நைலோன் நூலும் தங்கூசியும் (மீன்பிடி நரம்பு) பனையிலும் கரண்ட் கம்பியிலும் மாதக்கணக்கில் தொங்குகின்றன, அதில் ஒரு செம்பருந்து சிக்கினால் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே விரியும் மெல்லிய தோல் கிழிந்துவிடும். அந்தத் தோல் சரியாக ஆறாவிட்டால் அது பிறகு பறக்காது.

அதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்கு இன்னும் வேதனை. யாரோ இரக்கப்பட்டுத் தூக்கி வந்து கோழிக்கூட்டில் விட்டு, பாலும் சோறும் வைத்து, அயல் முழுக்க வந்து பார்த்து, பெடியள் செல்பியும் எடுப்பார்கள். இரக்கம் உண்மையானதுதான். ஆனால் பருந்தின் கண்ணுக்கு நாங்கள் எல்லோருமே அதைத் தின்ன வந்த மிருகங்கள், அந்தப் பயமே அதைக் கொல்லும். தப்பப் பார்த்துக் கம்பிவலையில் அடித்து அடித்து இறகு முறியும். முறிந்த இறகு தானாக உதிர்ந்து புதிது முளைக்கும்வரை, காயம் ஆறினாலும் பறப்பு இல்லை.

"ரெண்டு நாள் பாப்பம்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். பறவை எலும்பு இரண்டு மூன்று கிழமைக்குள் பொருந்தத் தொடங்கிவிடும், கோணலாக இருந்தால் கோணலாகவே பொருந்தும். தடித்த துவாயால் மூடித் தூக்குங்கள் (சொண்டைவிட நகத்துக்குத்தான் பயப்பட வேண்டும்), துளை போட்ட காட்போட் பெட்டியில் இருட்டாக, சத்தமில்லாமல் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அன்றைக்கே வனசீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள், அல்லது மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். அனுமதியில்லாமல் வீட்டில் வைத்திருப்பது சட்டப்படியும் குற்றம்.

சரி, காயம் ஆறிவிட்டது, உடனே பறக்க விடலாமா? கூடாது. கிழமைக்கணக்கில் அடைபட்ட பறவையின் நெஞ்சுத் தசை வற்றியிருக்கும், அப்படியே விட்டால் காகங்கள் கலைத்தே விழுத்திவிடும். பறந்து பழகி அந்தத் தசை தேற நீளமான பறப்புக்கூண்டு வேண்டும், கம்பிவலைக்குப் பதில் இறகு முறியாதபடி நெட்டுக்குத்தாக மரச்சட்டம் அடித்தது. கும்பாபிஷேகத்தில் கருடன் (இதே செம்பருந்துதான்) வட்டமிட்டால் கைகூப்புகிற ஊர் இது, தேருக்கும் கோபுரத்துக்கும் கேட்காமலே காசு அனுப்புகிற உறவுகள் லண்டனிலும் கனடாவிலும் இருக்கிறார்கள். திணைக்களத்தின் அனுமதியோடு, மிருக வைத்தியர்களின் மேற்பார்வையில், யாழ்ப்பாணத்தில் அப்படியொரு கூண்டு கட்ட வேண்டும். ஒதுக்குப்புறமாகக் காணி வைத்திருப்பவர்கள், தச்சுவேலை தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.