செல்லின் முன்விளிம்பைத் தள்ளுவது ஆக்டின்

"வெள்ளை அணு ஊர்வதும் தசை சுருங்குவதும் ஒன்றுதான்; மயோசின் இல்லாவிட்டால் எந்தச் செல்லும் நகராது" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். இது தவறு. மயோசின் என்பது ஆக்டின் இழைகளைப் பிடித்து இழுக்கும் புரதம்; அது இல்லாமலும் செல் நகரும். டிக்டியோஸ்டீலியம் என்ற மண்வாழ் அமீபாவில், தசையில் உள்ள வகையான இரண்டாம் மயோசினுக்குரிய மரபணுவையே 1987-இல் சிதைத்துப் பார்த்தார்கள். செல் பிரிவது தடுமாறியது. ஊர்வது நிற்கவில்லை, வேகம்தான் குறைந்தது.

முன்விளிம்பைத் தள்ளுவது ஆக்டின் என்ற இழைப் புரதம். செல் சவ்வை ஒட்டிய முனையில் ஆக்டின் மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக வந்து சேர, இழை நீண்டு சவ்வை உந்துகிறது. ஏஆர்பி 2/3 என்ற புரதக் கூட்டு, பழைய இழையின் பக்கவாட்டில் சுமார் 70 டிகிரி சாய்வில் புதுக் கிளையை முளைக்க வைக்கிறது. பின்னால் கோஃபிலின் என்ற புரதம் பழைய இழைகளை அறுத்துவிட, அதே மூலக்கூறுகள் மறுபடி முன்னே பயன்படுகின்றன. லிஸ்டீரியா பாக்டீரியா நம் செல்லுக்குள் விரைவதும் இந்த உந்தலால்தான். 1999-இல் தூய்மைப்படுத்திய சில புரதங்களை மட்டும் கலந்து, மயோசினே சேர்க்காமல், செல்லுக்கு வெளியே அதை ஓடவிட்டுக் காட்டினார்கள். இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

மயோசினுக்கு வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. செல்லின் பின்பகுதியை இழுத்துக்கொள்வதிலும், நெருக்கமான திசுவுக்குள் உட்கருவைப் பிதுக்கிக் கொண்டுபோவதிலும் அதன் பங்கு பெரிது. மாணவர்கள் படிக்கும் இடம் இது. அந்த வரியைத் தயவுசெய்து திருத்திவிடுங்கள்.