கொப்பரை விலை ஏறியது ஆதரவு விலையால் அல்ல

'ஆதரவு விலையை உயர்த்தியதால்தான் 2025-இல் கொப்பரை விலை எகிறியது' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. அந்த ஆண்டு அரவைக் கொப்பரைக்கு, அதாவது எண்ணெய் ஆட்டும் கொப்பரைக்கு, மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு (100 கிலோ) 11,582 ரூபாய். முந்தைய ஆண்டைவிட 422 மட்டுமே அதிகம். அதாவது கிலோ 116 ரூபாய்கூட இல்லை. ஆனால் ஆண்டின் நடுவில் காங்கேயம் சந்தையில் கிலோ 200-ஐத் தாண்டியது.

காரணம் தென்னந்தோப்பில் இருக்கிறது; காய்ப்பு குறைந்துவிட்டது. வறட்சி, பொள்ளாச்சிப் பக்கம் வாடல் நோய், அப்புறம் ஓலையின் சாற்றை உறிஞ்சும் வெள்ளை ஈ. ஈ தாக்கிய ஓலையின் அடிப்பக்கம் மாவு பூசியது போல இருக்கும். கீழ் ஓலையெல்லாம் கரி அப்பியது போலக் கருத்திருக்கும். பாளை வெடித்துக் காய் முற்ற ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும் என்பதால் 2024 கோடையின் அடி அடுத்த வருடம்தான் தெரிந்தது. விலை ஏறியது சரி, விற்கக் காய் எத்தனை பேரிடம் இருந்தது?