உயரத்தை மட்டும் பார்த்து ஒதுக்குவதா?
"உயரம் போதாது, வீண் முயற்சி" என்று பயிற்சியாளர் சொன்னதால் பள்ளி வாலிபால் அணியில் சேரத் தயங்கும் கூடலூர் மாணவியைப் பற்றிப் படித்ததும் மனம் கொதித்தது.

பெயர் கொடுத்துவிடு, அம்மா. லிபரோ என்றோர் ஆட்டக்காரர் 1998 முதல் சர்வதேச விதியிலேயே இருக்கிறார். வேறு நிறச் சட்டை, பின்வரிசை மட்டும். வலையருகே எழும்பித் தடுக்கக் கூடாது. எதிரணி அடிக்கும் பந்தைத் தரையில் விழாமல் எடுத்துக் கொடுப்பதே வேலை. அதற்கு உயரம் எதற்கு? தாழ்ந்து நிற்கும் கால்களும் பந்தின் போக்கை முன்கூட்டியே படிக்கும் கண்ணும் போதும். பயிற்சியாளருக்கு இது தெரியாமலா இருக்கும்?

கோத்தகிரியில் பத்தாம் வகுப்பில் எனக்கும் இதே சொல்தான் கிடைத்தது. நான் பெயர் கொடுக்கவில்லை. மைதானத்தைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போக வேண்டும். பனிமூட்டத்தில் ஆட்கள் தெரியமாட்டார்கள், பந்தின் சத்தம் மட்டும் கேட்கும். மூன்று ஆண்டுகள் அதைக் கேட்டபடியே நடந்தேன். இன்னும் வலிக்கிறது.

வீட்டில் ஒன்றை மட்டும் பேசிவிடு: பயிற்சி முடிந்து வரும்போது இருட்டிவிடும். யானை நடமாடும் பாதை என்றால் பஸ் நிறுத்தத்துக்கு யாராவது வந்து நிற்கட்டும்.